டைகர் வூட்ஸா, ஜாக் நிக்லஸா? இசட் புள்ளி தெரிந்தவர்களுக்கு ஒரு கோல்ஃப் கணக்கு

சீனக்குடாவில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் இந்தக் கதை தொடங்கியது. அக்காவின் மகன் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கிறான். வீட்டில் சும்மா கிடந்து ஃபோனைத் தேய்க்காமல் என்னோடு வா என்று விமானப்படையின் கோல்ஃப் மைதானத்துக்கு இரண்டு மூன்று தடவை கூட்டிப்போனேன், இப்போது என்னைவிட அவனுக்குத்தான் பைத்தியம் கூட. அன்று வெயிலில் வியர்த்து நின்றபடி கேட்டான்:

"மாமா, டைகர் வூட்ஸ் பெரிய ஆளா, ஜாக் நிக்லஸ் பெரிய ஆளா?"

"அதுக்கு லேசில பதில் சொல்ல ஏலாது தம்பி."

"ஏன் ஏலாது? நிக்லஸ் பதினெட்டு, வூட்ஸ் பதினைஞ்சு. பதினெட்டுத்தானே பெரிசு?"

பஸ் வந்தது, ஏறினோம், டவுனுக்கு வந்து சேரும்வரை இதையே பேசினோம். அன்று சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து, கோல்ஃப் மட்டையைக் கையால் தொடாதவருக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன். நம் ஊரில் மக்கெய்சர் மைதானத்தில் ஃபுட்போல் என்றால் கூட்டம் கூடும், கிரிக்கெட் என்றால் இன்னும் கூடும், ஆனால் சீனக்குடாவில் ஒரு கோல்ஃப் மைதானம் இருப்பதே பாதிப்பேருக்குத் தெரியாது.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க இடம் உண்டு, அங்கிருந்து பந்தை அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழிக்குள் விழுத்த வேண்டும், குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர். பெரிய போட்டிகள் நான்கு நாள் நடக்கும், நாளுக்கு 18 குழி கொண்ட ஒரு சுற்று, மொத்தம் 72 குழி. நன்றாக ஆடுபவர் இத்தனை அடியில் முடிப்பார் என்று ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு எண் குறித்திருப்பார்கள், அதன் பெயர் 'பார்'. ஆண்களுக்கு ஆண்டுதோறும் நான்கு தலைப் போட்டிகள் உண்டு: மாஸ்டர்ஸ், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், யூ.எஸ். ஓபன், பிரிட்டிஷ் ஓபன். இந்த நான்கையும் 'மேஜர்' என்பார்கள். மருமகன் சொன்ன 18, 15 எல்லாம் மேஜர் வெற்றிகளின் எண்ணிக்கை.

கிரிக்கெட்டில் இரண்டு காலத்து ஆட்டக்காரர்களை ஒப்பிடுவது கஷ்டம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வோம், ஏனென்றால் ஒருவர் எடுத்த ஓட்டம் எதிரே பந்து போட்டவரையும் பொறுத்தது. கோல்ஃபில் யாரும் உங்களுக்குப் பந்து போடுவதில்லை. பந்து அசையாமல் கிடக்கும், நீங்கள் அடிக்கிறீர்கள், எண்ணுகிறீர்கள். அதனால் அடிகளின் எண்ணிக்கையை அப்படியே எடுத்து ஒப்பிடலாமே என்று தோன்றும். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரே மைதானத்தை எடுத்துப் பார்ப்போம். மாஸ்டர்ஸ் மட்டும்தான் ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில், அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கிறது. 1965இல் நிக்லஸ் அங்கே 271 அடியில் வென்றார். 1997இல் வூட்ஸ் 270. 2020இல் டஸ்டின் ஜோன்சன் 268, அதுதான் இன்றுவரை அங்கே சாதனை. எண்ணை மட்டும் பார்த்தால் ஜோன்சன் முதலாவது, வூட்ஸ் இரண்டாவது, நிக்லஸ் மூன்றாவது, கதை முடிந்தது.

ஆனால் 'ஒரே மைதானம்' என்று நான் சொன்னது பாதி உண்மைதான். 1997இல் அகஸ்டா 6,925 யார்ட் நீளம். அந்த வருடம் வூட்ஸ் அடித்த அடியைப் பார்த்து, பிறகு குழிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, இப்போது 7,500 யார்டையும் தாண்டிவிட்டது. மாஸ்டர்ஸ் வழக்கமாக ஏப்ரலில் நடக்கும், 2020இல் கொவிட் காரணமாக நவம்பருக்குத் தள்ளிப்போனது, மழை பெய்து தரை ஈரமாக இருந்தது, பந்து விழுந்த இடத்திலேயே நின்றது. காற்றையும் தரையையும் பற்றித் திருகோணமலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. கச்சான் காற்று தொடங்கிவிட்டால் காலை ஏழு மணிக்கு நான் அடிக்கும் அடியும் பின்னேரம் மூன்று மணிக்கு அடிக்கும் அடியும் வேறு, நிலம் காய்ந்து தகரம் மாதிரி ஆகிவிடும், விழுந்த பந்து உருண்டு பற்றைக்குள் போய்விடும். ஒரே நாளிலேயே இப்படி என்றால் ஐம்பது வருட இடைவெளியை என்ன சொல்ல?

கருவிகளின் கதையும் இருக்கிறது. என்னிடம் ஒரு பழைய மட்டை உண்டு. அம்மப்பா டொக்யார்டில் வேலை செய்தவர், 1957இல் பிரிட்டிஷ் கடற்படை இங்கிருந்து போனபோது ஒரு அதிகாரி கொடுத்துவிட்டுப் போனதாம், வீட்டில் வருடக்கணக்காக மாங்காய் பறிக்கத்தான் உதவியது. அதன் தலை மரம். பெர்சிமன் என்ற மரம், நம் காடுகளில் நிற்கும் கருங்காலியின் சொந்தக்காரன், இரண்டும் ஒரே பேரினம். அந்தத் தலை என் கைமுட்டியளவுதான் இருக்கும். பக்கத்தில் இந்தக் காலத்து டிரைவர் ஒன்றை, அதாவது ஆகத் தூரம் அடிக்கும் மட்டையை, வைத்தால் டைட்டேனியத்தில் செய்த தலை, உள்ளே வெறும் காற்று, விதி அனுமதிக்கும் ஆகக்கூடிய கொள்ளளவு 460 கன சென்டிமீட்டர், அரை லீட்டர் போத்தலுக்குக் கொஞ்சம் குறைவு. புது டிரைவரில் பந்து நடுவில் படாமல் ஒரு விரல் அகலம் தள்ளிப் பட்டாலும் பரவாயில்லை, ஓரளவு நேராகப் போகும். மர மட்டையில் அதே பிழையைச் செய்து பாருங்கள், முழங்கைவரை விறைக்கும், பந்து வலது பக்கம் வளைந்து போய்விடும். நிக்லஸ் தன் நல்ல காலம் முழுவதும் மரத் தலையால் அடித்தவர். அந்த மட்டையைக் கையில் பிடித்து ஒருமுறை அடித்த பிறகுதான் அவர் என்ன செய்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது.

பந்தும் மாறியது. ஆரம்பத்தில் தோல் உறைக்குள் இறகை அடைத்துத் தைத்த பந்து, 1848 அளவில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பந்து, 1898இல் ரப்பர் நூல் சுற்றிய பந்து, இப்போது பல படையாக வார்த்த பந்து. அளவுகூட ஒன்றாக இருக்கவில்லை: அமெரிக்காவில் 1.68 அங்குல விட்டம், பிரிட்டனில் 1.62, பிரிட்டிஷ் ஓபனில் பெரிய பந்தைக் கட்டாயமாக்கியது 1974இல்தான். 1980இல் அமெரிக்க பி.ஜி.ஏ. தொடரில் ஆகத் தூரம் அடித்தவரின் சராசரி 274 யார்ட். இன்று அந்தத் தொடரில் ஆடும் எல்லோருடைய சராசரியே 300ஐத் தொட்டு நிற்கிறது. அன்றைய முதலாம் ஆள் இன்று வந்தால் தூரத்தில் கடைசி வரிசைக்குப் போய்விடுவார், அதற்காக அவர் திறமை குறைந்தவரா?

இங்கேதான் மருமகனிடம் கேட்டேன், "உனக்கு இசட் புள்ளி தெரியும்தானே?" என்று. இலங்கையில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் அது தெரியும், அல்லது அந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். கம்பஸுக்கு ஆள் எடுப்பது வெறும் மார்க்ஸை வைத்து அல்ல. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: ஒரு பிள்ளை பௌதிகவியலில் 62 எடுத்திருக்கிறது, அந்தப் பேப்பர் பயங்கரக் கஷ்டம், நாடு முழுவதும் எழுதியவர்களின் சராசரி 40. இன்னொரு பிள்ளை வேறொரு பாடத்தில் 75, அந்தப் பேப்பர் லேசு, சராசரி 65. எந்தப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை? 75 எடுத்த பிள்ளை என்று யாரும் சொல்லமாட்டோம். சராசரியிலிருந்து எவ்வளவு மேலே என்று பார்ப்போம், முதல் பிள்ளை 22 மேலே, இரண்டாவது 10 மேலே.

அதோடு இன்னொரு படியும் உண்டு. அந்தப் பாடத்தில் மார்க்ஸ் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லோரும் சராசரிக்குப் பக்கத்திலேயே நெருங்கி நிற்கும் பாடத்தில் பத்து மார்க்ஸ் முந்துவது பெரிய காரியம், தொண்ணூறும் பத்துமாகச் சிதறிக் கிடக்கும் பாடத்தில் அதே பத்து பெரிதில்லை. அந்தப் பரவலின் அளவுதான் நியம விலகல். சராசரியைவிட எத்தனை மேலே என்பதை நியம விலகலால் வகுத்தால் வருவது இசட் புள்ளி. முதல் பிள்ளையின் பாடத்தில் நியம விலகல் 15 என்றால் 22ஐ 15ஆல் வகுக்க 1.47. இரண்டாவது பாடத்தில் 12 என்றால் 10ஐ 12ஆல் வகுக்க 0.83. அவ்வளவுதான் சங்கதி.

கோல்ஃபுக்கும் இதுதான். 1965இன் அகஸ்டா ஒரு பேப்பர், 1997இன் அகஸ்டா வேறொரு பேப்பர், 2020 இன்னொன்று. ஒருவர் 271 எடுத்தாரா 268 எடுத்தாரா என்று கேட்காமல், அதே வாரத்தில், அதே காற்றில், அதே மாதிரி மட்டையோடு ஆடிய மற்றவர்களைவிட எவ்வளவு முந்தினார் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் அகஸ்டாப் பட்டியல் தலைகீழாகிவிடும். ஜோன்சன் இரண்டாமவரைவிட 5 அடி முந்தினார். நிக்லஸ் 9 அடி. வூட்ஸ் 12 அடி.

முழுக் கணக்கும் போட எல்லோருடைய ஸ்கோரும் வேண்டும், அது இல்லாதபோது முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடைவெளியைப் பார்ப்பது ஒரு குறுக்குவழி. குறுக்குவழி சில இடத்தில் ஏமாற்றும். 1977 பிரிட்டிஷ் ஓபன், ஸ்கொட்லாந்தின் டர்ன்பெரி மைதானம். டொம் வொட்சன் 268, நிக்லஸ் 269. ஒரே ஒரு அடி வித்தியாசம், சாதாரண வெற்றி என்று நினைப்பீர்கள். மூன்றாவதாக வந்த ஹியூபர்ட் கிரீன் 279. இரண்டு பேரும் சேர்ந்து மற்ற எல்லோரையும் பத்து அடி பின்னால் விட்டுவிட்டுத் தங்களுக்குள் மட்டும் ஆடியிருக்கிறார்கள். அந்த வாரம் தோற்ற நிக்லஸின் இசட் புள்ளி, வேறு பல வருடங்களில் வென்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். வெற்றி எண்ணிக்கையில் அதற்கு ஒரு புள்ளிகூட இல்லை.

இன்னொரு கணக்கு. பைரன் நெல்சன் 1945இல் 18 போட்டி வென்றார், அதில் 11 தொடர்ந்து. அந்த வருடம் அவருடைய சராசரி ஒரு சுற்றுக்கு 68.33. ஐம்பத்தைந்து வருடம் கழித்து 2000இல் வூட்ஸின் சராசரி 68.17. மட்டை மாறி, பந்து மாறி, எல்லாம் மாறியும் வித்தியாசம் கால் அடிகூட இல்லை. நேருக்கு நேர் எண்ணை வைத்தால் நெல்சனும் வூட்ஸும் சமம் என்றுதான் வரும், ஆனால் 1945 எந்த வருடம் என்று யோசியுங்கள்.

யுத்தம் என்றால் எங்கோ நடந்தது என்று நம் ஊர்க்காரர் சொல்ல முடியாது. 1942 ஏப்ரல் 9 வியாழக்கிழமை காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன, சீனக்குடா விமானத்தளமும் அடி வாங்கியது, எண்ணெய்க் குதம் ஒன்று பற்றி எரிந்தது. அதே வியாழக்கிழமை அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் தொடங்கியது. நெல்சனும் பென் ஹோகனும் சமநிலையில் முடித்து, 13ஆம் தேதி மறுபடி ஆடி, நெல்சன் 69, ஹோகன் 70. அதற்குப் பிறகு 1943 முதல் 1945 வரை மாஸ்டர்ஸே இல்லை. யூ.எஸ். ஓபன் 1942 முதல் 1945 வரை இல்லை. பிரிட்டிஷ் ஓபன் 1940 முதல் 1945 வரை இல்லை. ஹோகன் 1912இல் பிறந்தவர், முப்பதை ஒட்டிய வயது, ஒரு ஆட்டக்காரனின் நல்ல காலம், அதை இராணுவ விமானப்படையில் கழித்தார். நெல்சனுக்கு இரத்தம் உறையாத குறைபாடு, படையில் எடுக்கவில்லை. 1945இல் அவர் வென்ற போட்டிகள் சிலவற்றில் எதிரே நின்றவர்கள் முழுப் பலமான கூட்டம் அல்ல. நெல்சனின் திறமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது, 68.33 யார் எதிரே நின்றாலும் 68.33தான். ஆனால் 'எவ்வளவு முந்தினார்' என்று கணக்குப் போடும்போது அந்தச் சோதனை மண்டபத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்காமல் விடக்கூடாது.

ஹோகனின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. யுத்தம் முடிந்து வந்து மேஜர் வெல்லத் தொடங்கினார், 1949 பெப்ரவரியில் அவருடைய கார் ஒரு பஸ்ஸோடு நேருக்கு நேர் மோதியது, மறுபடி நடப்பாரா என்றே சந்தேகம். அடுத்த வருடம் கால்களுக்குப் பட்டி சுற்றிக்கொண்டு வந்து யூ.எஸ். ஓபனை வென்றார். 1953இல் மாஸ்டர்ஸ், யூ.எஸ். ஓபன், பிரிட்டிஷ் ஓபன் மூன்றையும் வென்றார், நான்காவதை ஆட முடியவில்லை, ஏனென்றால் அந்த வருடம் பி.ஜி.ஏ.யும் பிரிட்டிஷ் ஓபனும் கிட்டத்தட்ட ஒரே நாட்களில் விழுந்தன. பிரிட்டிஷ் ஓபனில் அவர் வாழ்நாளில் ஆடியதே அந்த ஒரு தடவைதான். மொத்தம் 9 மேஜர். இந்த ஒன்பதை நிக்லஸின் பதினெட்டோடு வைத்து 'பாதி' என்று சொன்னால் அது கணக்கே இல்லை.

அந்தக் காலத்து அமெரிக்கர் பலர் பிரிட்டிஷ் ஓபனுக்குப் போகவே இல்லை. கப்பல் செலவுக்குப் பரிசுப் பணம் காணாது. சாம் ஸ்னீட் 1946இல் போய் வென்றார், வென்றும் கைக்காசு நட்டம், அடுத்த வருடம் பட்டத்தைக் காப்பாற்றப் போகவில்லை. ஆகவே மேஜர் எண்ணிக்கை என்பது, ஒருவர் எத்தனை தடவை சோதனை எழுத முடிந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. எதை மேஜர் என்று எண்ணுவது என்பதும் மாறியிருக்கிறது. மாஸ்டர்ஸ் 1934இல்தான் தொடங்கியது, தொடக்கியவர்களில் ஒருவர் பொபி ஜோன்ஸ், காசுக்கு ஆடாதவர், 1930இல் அன்றைய நான்கு பெரிய போட்டிகளையும் ஒரே வருடத்தில் வென்று 28 வயதில் ஒதுங்கிக்கொண்டார். அந்த நான்கில் இரண்டு, காசுக்கு ஆடாதவர்களுக்கான போட்டி, இன்றைய கணக்கில் அவை மேஜர் அல்ல. பழைய கணக்கில் ஜோன்ஸுக்கு 13, இன்றைய கணக்கில் 7. பெண்கள் கோல்ஃபில் இது இன்னும் குழப்பம், எந்தப் போட்டி மேஜர் என்ற பட்டியலே பல தடவை மாறியிருக்கிறது, இப்போது வருடத்துக்கு ஐந்து. மிக்கி ரைட் 13 மேஜர், 82 வெற்றி, முப்பத்து நான்கு வயதில் முழுநேர ஆட்டத்தை விட்டவர். அன்னிகா சோரன்ஸ்டாம் 10 மேஜர், 72 வெற்றி, 2001இல் ஒரு சுற்றை 59 அடியில் முடித்தார். இவர்களை ஒப்பிடவே தனியாக ஒரு கட்டுரை வேண்டும்.

சரி, இசட் புள்ளி வந்தால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. அதுவும் வழுக்கும் இடங்கள் உண்டு.

1860இல் முதல் பிரிட்டிஷ் ஓபன் ஸ்கொட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் நடந்தபோது ஆடியவர்கள் எட்டே பேர். இரண்டு வருடம் கழித்து ஓல்ட் டொம் மொரிஸ் அதே இடத்தில் 13 அடி முந்தி வென்றார், அதுவும் 72 குழியில் அல்ல, 36 குழியில். மேஜர் ஒன்றில் ஆகப்பெரிய இடைவெளி என்று அது 138 வருடம் நின்றது. இடைவெளியை மட்டும் நம்பினால் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஓல்ட் டொம் மொரிஸ்தான். ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் எழுதிய சோதனையில் முதலாம் ஆள் வருவதும் அகில இலங்கையில் முதலாம் ஆள் வருவதும் ஒன்றா? ஆள் குறைந்தால் சராசரியும் நம்பமுடியாது, நியம விலகலும் நம்பமுடியாது.

இதன் மறுபக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். ஒரு ஊரில் ஒரே ஒரு பிள்ளைக்கு டியூசன் கிடைக்கிறது, அந்தப் பிள்ளை மற்றவர்களைவிட நாற்பது மார்க்ஸ் கூட எடுக்கும். எல்லாப் பிள்ளைக்கும் நல்ல டியூசன் கிடைத்துவிட்டது, எல்லோரும் எண்பதைத் தாண்டுகிறார்கள், அப்போது ஆகக் கெட்டிக்காரப் பிள்ளைகூட 95 அல்லது 98, அதற்குமேல் இடமே இல்லை. ஒட்டுமொத்தத் தரம் ஏற ஏற, முதலாம் ஆளுக்கும் மற்றவர்களுக்கும் இடைவெளி சுருங்கும். முதலாம் ஆள் பலவீனமானதால் அல்ல, மற்றவர்கள் கிட்ட வந்துவிட்டதால். கோல்ஃபில் இதுதான் நடந்தது. பரிசுப் பணம் பெருகியது, வீடியோவில் தன் வீச்சைத் தானே பார்த்துத் திருத்த முடிந்தது, உடற்பயிற்சி வந்தது, கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பீஜியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பீஜியிலிருந்து வந்த விஜய் சிங் இந்திய வம்சாவளி, மூன்று மேஜர் வென்றவர், 2004இல் மட்டும் ஒன்பது போட்டி.

இதை வைத்துக்கொண்டு 2000க்கு வாருங்கள். யூ.எஸ். ஓபன், கலிபோர்னியாவின் பெபிள் பீச், கடலோர மைதானம். வூட்ஸ் 272. இரண்டாவதாகச் சமமாக வந்த இருவர், எர்னி எல்ஸும் மிகேல் ஏஞ்சல் ஹிமெனெஸும், 287. பதினைந்து அடி. ஓல்ட் டொம் மொரிஸின் 138 வருடப் பழைய இடைவெளியை முறித்தது இதுதான். எல்லோரும் கிட்ட நெருங்கி நிற்கும் காலத்தில், உலகம் முழுவதிலுமிருந்து வந்தவர்களுக்கு முன்னால், நான்கு நாளுக்கும் சேர்த்த பார் 284ஐவிட ஒரே ஒரு ஆள்தான் குறைவாக ஆடினார், அவரும் 12 குறைவாக. ஒரு பேப்பரில் எல்லோரும் நாற்பதுக்குக் கீழே நிற்க ஒரு பிள்ளை மட்டும் எழுபது எடுத்த மாதிரி.

"அப்ப வூட்ஸ்தான்!" என்றான் மருமகன். அவசரப்படாதே என்றேன்.

ஒரு பேப்பரில் கிடைத்த ஆகக்கூடிய இசட் புள்ளியும், இருபது வருடம் தொடர்ந்து எழுதிய பேப்பர்களின் கூட்டுத்தொகையும் வேறு வேறு. மலை எவ்வளவு உயரம் என்று கேட்பது ஒன்று, எவ்வளவு நீளம் என்று கேட்பது இன்னொன்று. உயரத்தில் வூட்ஸ்: 1999 பி.ஜி.ஏ. முதல் 2002 யூ.எஸ். ஓபன் வரை நடந்த 11 மேஜர்களில் 7. நீளத்தில் நிக்லஸ்: 1962இல் முதல் மேஜர், 1986இல் 46 வயதில் கடைசி மேஜர், நடுவில் 18 வெற்றி, அதோடு 19 தடவை இரண்டாம் இடம். இரண்டாம் இடத்தை யாரும் எண்ணுவதில்லை, ஆனால் இசட் புள்ளிக் கணக்கில் அவை எல்லாம் பெரிய பெரிய எண்கள், மேலே சொன்ன டர்ன்பெரியும் அந்தப் பத்தொன்பதில் ஒன்று. வூட்ஸ் மேஜர்களில் இரண்டாம் இடம் வந்தது 7 தடவை.

வூட்ஸ் பக்கம் இன்னொரு எண்ணும் உண்டு. நான்கு நாள் போட்டியில் இரண்டாம் நாள் முடிய ஒரு வெட்டுப்புள்ளி வைத்து பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். வூட்ஸ் 142 போட்டிகளில் தொடர்ந்து அந்த வெட்டுப்புள்ளியைத் தாண்டினார். ஏழு வருடம், ஒரு கூடாத வாரம்கூட இல்லை. அடுத்த இடத்தில் நெல்சன், 113. ஆனால் நெல்சன் காலத்தில் அந்தக் கணக்கு பரிசுப் பணம் வாங்கியதை வைத்து, முதல் இருபது பேர் அளவுக்குத்தான் பணம் கிடைக்கும், அதாவது அவர் தாண்டிய வேலி இன்னும் உயரம். அதனால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைக்கும்போதும் கவனம் வேண்டும்.

நிக்லஸ் பக்கம் பேசுபவர்கள் எதிராளிகளைக் காட்டுவார்கள்: கேரி பிளேயர் 9 மேஜர், வொட்சன் 8, ஆர்னல்ட் பாமர் 7, லீ ட்ரெவினோ 6. வூட்ஸின் எதிராளிகளில் ஃபில் மிக்கல்சன் 6, எல்ஸ் 4, சிங் 3. நிக்லஸுக்கு முன்னால் நின்றவர்கள் பலசாலிகள் என்பார்கள். எனக்கு அந்த வாதம் முழுதாக ஒத்துவரவில்லை. நடுவில் நிற்பவர்கள் பலவீனமாக இருந்தால் மேலே நிற்கும் நாலைந்து பேருக்குள்ளேயே மேஜர்கள் பிரிபடும், நடுவரிசை பலமானால் வெற்றிகள் சிதறும். அதே எண்களைப் பார்த்து நேர்மாறான முடிவுக்கும் வரலாம், நான் அந்தப் பக்கம். கட்டாயப்படுத்தி ஒரு பெயர் கேட்டால் வூட்ஸ் என்பேன், 2000க்காக. வாழ்நாள் முழுவதையும் ஒரு ஆளாக வாழச் சொன்னால் நிக்லஸின் இடத்தைக் கேட்பேன்.

ஒரு விஷயம் பாக்கி இருந்தது, பஸ் டவுனை நெருங்கும்போதுதான் சொன்னேன். மண்டபத்தில் யார் இருந்தார்கள் என்று பார்த்தோம். மண்டபத்துக்குள் யாரை விடவில்லை?

அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ஃப் சங்கத்தின் யாப்பில் 1934இலிருந்து 1961வரை வெள்ளையர் மட்டும் என்று எழுதியே வைத்திருந்தார்கள். நெல்சனின் 1945, ஹோகனின் 1953, ஸ்னீட்டின் 82 வெற்றிகளில் பெரும்பகுதி எல்லாம் அந்தக் கதவு சாத்தியிருந்த காலத்தில் வந்தவை. மாஸ்டர்ஸில் முதல் கறுப்பினத்தவர் லீ எல்டர் ஆடியது 1975இல். நிக்லஸின் ஆறு மாஸ்டர்ஸில் முதல் நான்கு அதற்கு முந்தியவை. இதில் நிக்லஸின் பிழை எதுவும் இல்லை, ஆனால் சராசரியும் நியம விலகலும் உள்ளே விட்டவர்களை மட்டும் வைத்துத்தான் வருகின்றன. 1997இல் வூட்ஸ் அகஸ்டாவில் 12 அடி முந்தி வென்ற அன்று, லீ எல்டர் பார்க்க வந்திருந்தார்.

தென்னாபிரிக்காவில் பாப்வா செவ்கோலம் என்று ஒருவர். இந்திய வம்சாவளி, மட்டை தூக்கும் பையனாக இருந்து தானே ஆடப் பழகியவர். வலது கைக்காரர் எல்லோரும் இடது கையை மேலே, வலது கையைக் கீழே வைத்துப் பிடிப்பார்கள், இவர் தலைகீழாக, வலது மேலே, இடது கீழே. யாரும் திருத்தவில்லை, அப்படியே 1959, 1960, 1964 மூன்று தடவை டச்சு ஓபனை வென்றார். 1963இல் டர்பனில் நேட்டால் ஓபனை வென்றபோது வெள்ளையருக்கான கிளப் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை, மழையில் வெளியே நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965இல் அதே நேட்டால் ஓபனில் கேரி பிளேயரை முந்தி வென்றார். அந்த வருடம்தான் பிளேயர் யூ.எஸ். ஓபனையும் வென்று நான்கு மேஜரையும் முடித்தவர் ஆனார். பிறகு செவ்கோலத்தை உள்நாட்டுப் போட்டிகளிலிருந்து தடை செய்தார்கள், பாஸ்போர்ட்டையும் பறித்தார்கள். 1978இல் இறந்துபோனார்.

மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவருக்கு இசட் புள்ளி எப்படிப் போடுறது மாமா?" என்றான்.

"எழுதவிட்ட பேப்பரை மட்டும் எடு. 1965இல அந்த மண்டபத்தில பிளேயரும் இருந்தவர்."

அடுத்த சனிக்கிழமை சீனக்குடாவில் அம்மப்பாவின் மர மட்டையை அவனாகவே எடுத்தான். வலது கையை மேலே வைத்து, இடது கையைக் கீழே மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் இரண்டு பந்தும் புல்லில் உரசிக்கொண்டு இருபது யார்ட் போய் நின்றன. மூன்றாவது நடுவில் பட்டது, மரத்தின் சத்தம் டொக் என்று கேட்டது, கச்சானுக்கு எதிரே பந்து தாழ்வாக, வளையாமல், நேராகப் போனது.